வடக்குக் கொத்தளம்

மேலே வந்து சேர்ந்ததும் முதலில் தோன்றியது எங்கேயாவது உட்கார வேண்டும் என்பதுதான். ராத்திரி டூட்டி முடித்து, வீட்டுக்குப் போய் அப்பாவுக்கு இட்லியைப் பிட்டு ஊட்டிவிட்டு, குளித்தும் குளிக்காமலும் பஸ் ஏறி, பருந்துமலைக் கோட்டைக்குப் போகும் படிகளில், படி என்று சொன்னாலும் பாதிக்கு மேல் வெறும் பாறைதான், கையை ஊன்றி ஊன்றி ஏறி வந்திருக்கிறேன், இந்த வயதில், இந்த முழங்காலோடு. சரிந்து உருண்ட கல் ஒன்று கொஞ்சம் நிழலில் கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அது வடக்குக் கொத்தளத்துச் சுவரிலிருந்து விழுந்த கல் என்று உறைத்தது, எழுந்துவிடலாமா என்று ஒரு கணம் பதறி, எழுந்திருக்கத் தெம்பில்லாமல் அப்படியே இருந்துவிட்டேன். சுவருக்குள் இருக்கிறவள் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள். கார்த்திகை மழையில் வடக்குக் கொத்தளம் பாதி சரிந்துவிட்டது. மீதிப் பாதி வயிறு தள்ளி நிற்கிறது, என்றைக்கு வேண்டுமானாலும் ஊர்மேல் உருளலாம், அதனால் தொல்லியல் துறை அதைக் கல் கல்லாகப் பிரித்து அடுக்கித் திரும்பக் கட்டப்போகிறது. பிரித்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். எங்கள் குடும்பத்து ஆள் இல்லாமல் அந்தச் சுவரின் அடிமட்டத்தில் கை வைக்கக் கூடாது என்று ஊர் சொல்லிவிட்டது. குடும்பத்து ஆள் என்றால் அப்பா, அவர் இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறார், தம்பி, அவன் திருப்பூரில், லீவு கிடைக்காது, நீயே போயிட்டு வந்துடுக்கா என்றான், ஆக நான். எப்போதும் கடைசியில் ஆக நான். அந்தச் சுவருக்குள் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நிறைமாதத்தோடு உள்ளே நிற்க வைத்துக் கட்டினார்களாம். சூலியம்மா என்போம். சூலி என்றால் பிள்ளைத்தாய்ச்சி, அது பெயர் இல்லை. பெயர் யாருக்கும் தெரியாது. கோட்டை கட்டினவன் பெயர் தெரியும், அவன் குதிரையின் பெயர்கூட அப்பாவுக்குத் தெரியும்.

வேலையாட்கள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி பர்வீன் என்ற பெண், முப்பத்தைந்து இருக்கும், துப்பட்டாவைத் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டி அதன்மேல் தொப்பி. என்னைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "சிஸ்டர், நீங்க வந்ததே போதும். உக்காந்துக்குங்க. அடிமட்டம் வர்றதுக்கு மத்தியானம் ஆகும், வந்தா கூப்பிடறேன்." தூங்கினாலும் பரவாயில்லை என்று சேர்த்துக்கொண்டாள், என் முகம் அப்படி இருந்திருக்கிறது. தூங்கலாம்தான். கண்ணை மூடினால் லேபர் வார்டின் டியூப்லைட் இமைக்குள் வெள்ளையாக எரிகிறது. கல் விழும் சத்தம், பிறகு யாரோ இருமுவது, பிறகு கல். இதற்குள் துரைக்கண்ணு வந்துவிட்டார். முன்னாள் பஞ்சாயத்துத் தலைவர், கோட்டை கட்டின பாளையக்காரரின் வம்சம் என்று சொல்லிக்கொள்கிறவர், இருக்கலாம், யார் கண்டது. வெள்ளை வேட்டி, கற்பூரம், ஒரு பெரிய பித்தளைத் தட்டு, தூக்கிவர இரண்டு பேர். "நர்சம்மா, இன்னிக்கு ஆத்தா வெளிய வந்துடுவா பாருங்க. மலையடிவாரத்துல எடம் பாத்து வெச்சிருக்கேன். எடுத்துப் போய் வெச்சு, மேல ஒரு கோயில் எழுப்பிட்டோம்னா, மெட்ராஸ்லேருந்து ஜனம் வரும்." நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவது பேசுவதைவிடச் சுலபம். "உங்க வீட்டுப் பொண்ணு, எங்க வீட்டுக் கோட்டை. யாரு கேட்டாங்க? அவளே இல்ல வந்தா? தானா இல்ல ஒத்துக்குனு வந்தா?" என்றார். அதற்கு மட்டும் தலை ஆடவில்லை.

தானாக வந்தாள் என்பதுதான் அப்பா சொல்லும் கதையும். ஆடி மாதம் மலையேறும்போதெல்லாம் சொல்லுவார், மூச்சு வாங்க வாங்கச் சொல்லுவார், அதனால் கதையிலேயே அங்கங்கே மூச்சு வாங்கும். பாளையக்காரன் கோட்டை கட்டுகிறான். எல்லாச் சுவரும் நிற்கிறது, வடக்குக் கொத்தளம் மட்டும் பகலில் எழுப்பினால் பொழுது சாயும்போது சரிகிறது. கொத்தனை மாற்றினான், சுண்ணாம்பில் வெல்லத்தையும் கடுக்காயையும் அரைத்துச் சேர்த்தான், ஆடு வெட்டினான், எருமை வெட்டினான். சரிகிறது. குறிசொல்லி ஒருத்தன் தலைச்சன் சூலி வேண்டும் என்றான். தண்டோரா போட்டார்கள். ஊரில் பிள்ளைத்தாய்ச்சிகளை எல்லாம் வீட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள். இவள் மட்டும் ஏரியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தவள், குடத்தைக் கரையில் வைத்துவிட்டு, நான் போறேன் என்றாளாம். வருஷா வருஷம் எனக்கு வளைகாப்புப் போட வேண்டும், என் பிறந்த வீட்டுக்கு நிலம் விட வேண்டும் என்று இரண்டே கேட்டாளாம். அவள் உள்ளே போன பிறகு சுவர் நின்றது. எங்களுக்கு ஏரியோரம் நிலம் வந்தது. இன்றைக்கும் அதற்கு ரத்தக்காணி என்றுதான் பெயர், பட்டாவில் வேறு என்னவோ இருக்கிறது. அந்த நிலத்து நெல்லைத்தான் சாப்பிட்டு வளர்ந்தோம். சின்ன வயதில் சோறு சிவப்பாக இருக்குமோ என்று பார்ப்பேன், வெள்ளையாகத்தான் இருக்கும். ஆடியில் பச்சை வளையலும் மஞ்சளும் புளிசாதமும் தேங்காய்சாதமும் தூக்குவாளிகளில் கொண்டுவந்து சுவரின் முன்னால் பரப்பி, சுவருக்கு வளைகாப்புச் செய்வோம். கல்லுக்குச் சந்தனம் பூசுவோம். நான் ஒரு தடவை காதைச் சுவரில் வைத்துக் கேட்டேன், உள்ளே குளிர்ச்சியாக ஒரு ஓசை, அது என் காதின் ஓசைதான் என்று பிறகு தெரிந்தது. அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். முகம் வெளுத்திருந்தது. அவர் ஏன் அப்படிப் பயந்தார் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

நான் நர்ஸ் ஆகாமல் இருந்திருந்தால் இந்தக் கதையோடு நிம்மதியாக இருந்திருப்பேன். பள்ளிக்கூட டீச்சராகவோ தாலுகா ஆபீசிலோ இருந்திருக்கலாம். இத்தனை வருஷம் பிரசவ வார்டில் நின்ற பிறகு நிறைமாதம் என்ற வார்த்தையை நான் லேசாகக் கேட்க முடிவதில்லை. நிறைமாதத்துப் பெண் இந்த மலையை எப்படி ஏறினாள்? பிள்ளையின் தலை கீழே இறங்கியிருக்கும், காலை அகட்டித்தான் வைக்க முடியும், ஒவ்வொரு பாறைக்கும் நின்று இடுப்பில் கை ஊன்றியிருப்பாள், அடிக்கடி ஒதுங்க வேண்டியிருந்திருக்கும், எங்கே ஒதுங்கினாள், எந்தப் பாறை மறைவில், கூட வந்தவர்கள் அப்போது திரும்பி நின்றார்களா? கால் வீங்கியிருக்கும், மெட்டி இறுக்கியிருக்கும். இப்படித்தான் போகும் என் புத்தி, தெய்வத்தின் முன் நின்றுகொண்டு மெட்டி இறுக்கியிருக்குமா என்று யோசிக்கும். பிறகு அதைவிட மோசமான இடத்துக்குப் போகும். கல் வைத்து அடைத்த பிறகு உடனேயா போயிருப்பாள்? காற்று கொஞ்சம் இருந்திருக்கும். பயத்தில் வலி எடுக்கும், நான் பார்த்திருக்கிறேன், நாள் இருக்கும்போதே பயத்தில் வலி எடுத்தவர்களை. உள்ளே வலி எடுத்திருந்தால்? உட்காரக்கூட இடமில்லாமல்? இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும் எழுந்து ஏதாவது வேலை செய்வேன், ட்ரேயைத் துடைப்பேன், பஞ்சு சுருட்டுவேன். இங்கே செய்ய ஒன்றும் இல்லை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். வெந்நீர் போல் இருந்தது.

அத்தை சொன்ன கதை வேறு. அப்பாவின் அக்கா, வாழாவெட்டியாகத் திரும்பி வந்து எங்களோடு இருந்தவள், செத்தும் பல வருஷம் ஆகிறது. எனக்கு வந்த ஒரு வரன் தட்டிப்போன நாளில் சொன்னாள். பையன் வீட்டில் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள், அப்பா என்னைப் பார்த்தார், தம்பி படித்துக்கொண்டிருந்தான், நான் வேலையை விடமாட்டேன் என்று நானே சொன்னேன். எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. வேதா தானாவே சொல்லிட்டா என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னார்கள். அன்று பின்கட்டில் புளி ஆய்ந்துகொண்டே அத்தை சொன்னாள்: "தானாவா? ஏண்டி, எவளாவது தானா போவாளா? அவ அண்ணங்காரன்தாண்டி கூட்டினு போனான். மேல அரண்மனையில உனக்கு வளைகாப்பு, ராணியே போடறாளாம்னு சொல்லிக் கூட்டினு போனான். இவளும் நம்பி, இருக்கற நல்ல சேலையைக் கட்டினு, தலை நிறைய பூ வெச்சினு ஏறினா. நிலம் யாருக்கு வந்துச்சு பாரு. அதுலயே தெரியல?" கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போடும் சத்தம் இன்னும் கேட்கிறது. அதற்குப் பிறகு ஆடியில் மலையேறும்போதெல்லாம் நாங்கள் வரிசையாக வளையலும் சாதமும் எடுத்துக்கொண்டு போவது எனக்கு அந்த முதல் ஊர்வலம் மாதிரியே இருக்கும். அந்த அண்ணனுக்குப் பிறந்த பிள்ளைகள் நாங்கள். சூலியம்மாவின் வம்சம் என்கிறோம், எப்படி அவள் வம்சமாக முடியும், அவள் பிள்ளைதான் உள்ளே போய்விட்டதே. அவளை விற்றவனின் வம்சம். அப்பாவிடம் இதைக் கேட்டதில்லை. அவரிடம் இருப்பது ஒரே ஒரு பெருமை, அதில் போய் நான் கை வைப்பதா?

வெயில் என் கல்லுக்கு வந்துவிட்டது. நகர்ந்து உட்கார்ந்தேன். பர்வீன் டீ சாப்பிட என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், பிளாஸ்கிலிருந்து எனக்கும் ஊற்றினாள். சும்மா இருக்க முடியாமல், இந்தக் கொத்தளத்தில் பெரிய சண்டை நடந்திருக்கும் இல்லையா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்து, சொல்லலாமா என்று பார்த்து, சொன்னாள். "ஒரு சண்டையும் நடக்கல சிஸ்டர். வடக்குப் பக்கம் செங்குத்து. எவனும் ஏற மாட்டான். பீஜப்பூர் படை வந்தப்போ தெற்கு வாசலை உள்ளேருந்தே தொறந்து விட்டுட்டாங்க. மராட்டியங்க வந்தப்போ பீஜப்பூர்க்காரங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் நவாப் ஆளுங்க, பிரெஞ்சுக்காரங்க, கடைசியா கும்பினிக்காரன் வந்து கொஞ்ச நாள் ஜெயிலா வெச்சிருந்தான். அப்புறம் ஆடு மாடுதான்." இந்தச் சுவரில் ஒரு குண்டு பட்ட தடம்கூட இல்லை என்றாள். நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்தேன். ஒருத்தனும் வராத பக்கம். ஒருத்தனும் வராத பக்கத்தில் ஒரு சுவர் நிற்க வேண்டும் என்று. அந்தப் பாளையக்காரனே அதன் பிறகு எத்தனை வருஷம் இருந்தான் இங்கே? மேலே ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது. அடிவாரத்தில் எங்கள் ஏரி தகடு மாதிரி மின்னியது, அதன் ஓரம் பச்சையாக எங்கள் நிலம், இங்கிருந்து பார்த்தால் ஒரு கைக்குட்டைதான். கொட்டாவி வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தின் நடுவில் கொட்டாவி வருகிறதே என்று வெட்கமாக இருந்தது, ஆனால் வந்தது, மறுபடியும் வந்தது.

தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. ஏனென்றால் யாரோ "அடிமட்டம் தெரியுது மேடம்" என்று கத்தியபோது நான் வார்டில் இருந்தேன், யாருக்கோ கிளவுஸ் தேடிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றேன். துரைக்கண்ணு கற்பூரத்தை ஏற்றத் தயாராகக் கையில் தீப்பெட்டி வைத்திருந்தார். வேலையாட்கள் செருப்பைக் கழற்றினார்கள். வேண்டாம் என்று நினைத்தேன். எது வேண்டாம் என்று எனக்கே தெரியவில்லை. இருந்தால் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அது எலும்பு, எனக்கு அது படிக்கத் தெரிந்த எழுத்து. இடுப்பெலும்புக்குள் சின்ன எலும்புகள் தங்கியிருந்தால் பிள்ளை வயிற்றோடு போய்விட்டது. வெளியே, கால்களுக்கு நடுவில் கிடந்தால், என்ன நடந்தது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், தெரிந்த பிறகு தெரியாமல் ஆக முடியாது, அதோடு நாளை ராத்திரி டூட்டிக்குப் போக வேண்டும், ஒவ்வொரு கட்டிலிலும் அதுதான் தெரியும். இல்லாவிட்டால்? அவள் இல்லவே இல்லாவிட்டால் படுத்திருக்கும் மனிதரிடம் போய் என்ன சொல்வேன்? உங்கப்பாவும் அவங்கப்பாவும் வெறுங்கல்லுக்கு வளையல் போட்டார்கள் என்றா? இருந்தாள் என்று பொய் சொல்லிவிடலாம். முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். போனில் சொல்லிவிடலாம். வீட்டுக்குப் போவதற்குள் அவருக்குப் பழகிவிடும். இப்படியெல்லாம் ஓடியது, கால் மட்டும் நகரவில்லை. "சிஸ்டர்" என்று பர்வீன் கூப்பிட்டாள். "வாங்க. நீங்களே பாத்துடுங்க." கை கொடுத்தாள். பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

செம்மண். உடைகல். சுண்ணாம்புக் காரை கட்டி கட்டியாக. ஒரு பானை ஓடு, உளி ஒன்றின் துருப்பிடித்த முனை. அதற்குக் கீழே பாறை, மலையின் சொந்தப் பாறை, உளி போட்டுச் சமன் செய்த தடத்தோடு. பர்வீன் முட்டி போட்டு உட்கார்ந்து பிரஷ்ஷால் ஓரங்களை எல்லாம் கூட்டினாள், தண்ணீர் தெளித்தாள், திரும்பக் கூட்டினாள். அவசரமே படவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். "அடிப்பாறை வந்துடுச்சு. இதுக்குக் கீழ ஒண்ணும் கிடையாது. சுவர்லேயும் ஆள் நிக்கற அளவுக்கு எங்கேயும் எடம் விடல. இந்தக் கொத்தளத்துல யாரும் இல்ல சிஸ்டர்." நான் குனிந்து பாறையைத் தொட்டேன். ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், முதலில் வந்தது கோபம். எத்தனை ஆடி, எத்தனை தூக்குவாளி, அத்தையின் புளிக்கொட்டைச் சத்தம், இத்தனை வருஷம் நான் துடைத்த ட்ரேக்கள். பிறகு கோபமும் நிற்கவில்லை, அதைப் பிடித்து நிறுத்தத் தெம்பு வேண்டுமே. அதன் பிறகு மெதுவாக, கை மரத்துப்போய்த் திரும்ப ரத்தம் ஓடும்போது வருமே ஒரு குறுகுறுப்பு, அந்த மாதிரி, ஒன்று வந்தது. இங்கே ஒருத்தியும் இருட்டில் நிற்கவில்லை. ஒருத்தியும் கத்தவில்லை. அப்படியானால் எங்கள் முப்பாட்டன் பாளையக்காரனை ஏமாற்றித்தான் நிலம் வாங்கினானா? வாங்கியிருந்தால் நன்றாக வாங்கினான். சிரிப்பு வரப் பார்த்தது, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன்.

"அதெப்படி மேடம்? நல்லாப் பாருங்க" என்று மேலேயிருந்து துரைக்கண்ணு சத்தம் போட்டார். "கிழக்கால இன்னொரு கொத்தளம் இருக்குது பாருங்க, அதுவாத்தான் இருக்கும். பெரியவங்க தெச மாத்திச் சொல்லியிருப்பாங்க." நன்றாக நிற்கிற சுவரைப் பிரிக்க மாட்டோம் என்று பர்வீன் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார். "நர்சம்மா, நீங்க சொல்லுங்க. நீங்க குடும்பம். நீங்க வேணும்னு மனு கொடுத்தா கவர்மெண்டே தோண்டித்தான் ஆகணும். ஆத்தாவ அப்படியே விட்டுட முடியுமா?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வழக்கமாக நான் தலையை ஆட்டும் இடம் இது. "வேணாம்" என்றேன். சத்தம் போதவில்லை, மறுபடி சொன்னேன். "வேணாங்க. யாரும் இல்லேன்னு சொல்றாங்க, சந்தோஷமா வீட்டுக்குப் போவோம். ஒரு பொண்ணு செத்துக் கெடந்தாத்தான் உங்களுக்கு ஆகுமா?" அவர் தட்டைத் தூக்கி வந்தவனிடம் எதற்கோ எரிந்து விழுந்தார். நான் இப்படிப் பேசி எனக்கே பழக்கமில்லை. காது சூடாகிவிட்டது. பள்ளத்திலிருந்து ஏற பர்வீன் திரும்பவும் கை கொடுத்தாள், அவள் உள்ளங்கை முழுக்க மண்.

மேற்கு மதில் ஓரத்தில்தான் சிக்னல் கிடைக்கும் என்றார்கள். போனேன். பக்கத்து வீட்டுக் கண்ணகியிடம் போனைக் கொடுத்து அப்பாவின் காதில் வைக்கச் சொல்லியிருந்தேன், முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். பிறகு அப்பாவின் மூச்சு. "பாத்துட்டாங்களா?" "பாத்துட்டாங்கப்பா." "எப்படி இருக்கறா?" ஊருக்குப் போய்விட்டு வந்தவளைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டார். தயார் செய்து வைத்திருந்த பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. "அவ அங்க இல்லப்பா." ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. "நீ பாத்தியா?" "எறங்கி நானே பாத்தேன். பாறை வரைக்கும். யாருமே இல்லப்பா." அவர் அழுவது கேட்டது. நான் அவசரமாக, அப்பா அழாதீங்க, ஆடிக்கு எப்பவும் செய்யறதைச் செய்வோம் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டு போனேன். "இருடி" என்றார். "இரு. உங்க அத்தை ஒண்ணு சொல்லுவாளே. அண்ணங்காரன் ஏமாத்திக் கூட்டினு போனான்னு. உங்கிட்ட சொல்லியிருப்பா. அதுதான் நெசமா இருக்கும்னு எனக்கு எப்பவும் பயண்டி. வளையல வெச்சுட்டு நான் ஒரு தடவை கூட அந்தச் சொவத்த நிமுந்து பாத்தது கெடையாது." மூக்கை உறிஞ்சினார். கண்ணகி என்னவோ சொன்னாள், அவர் வேண்டாம் என்றார். "அப்ப அவள வெச்சுக் கட்டல. கூட்டினு போனவனே விட்டுட்டானோ, கல்லு வெச்சவன் விட்டுட்டானோ. எவனோ ஒருத்தன் ராத்திரியோட ராத்திரியா, போம்மான்னு விட்டுட்டான். அப்படித்தான் இருக்கணும் இல்ல?" கிழக்குக் கொத்தளம் என் வலப்பக்கம் முழுசாக நின்றது. நான் அதைப் பார்க்கவில்லை. "அப்படித்தாம்பா" என்றேன். பிறகு, குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருக்கும் கண்ணகிக்குக் கேட்கக் கூடாதென்பதுபோல் கேட்டார்: "எங்கயோ போயி, தனியா, பெத்திருப்பாளாடி? நீ சொல்லு. உனக்குத்தான் தெரியும்." வார்டு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, விடிய விடியக் காத்திருந்தவர்களிடம் சொல்வதுபோலவே சொன்னேன்.

"பெத்துட்டாப்பா. ரெண்டு உசுரும் நல்லா இருக்கு."